சைவ உணவும் சரீர நலமும்: கரவெட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

புலால் நீக்கிய உணவு தேகத்துக்கு நிறைவு தருமா, குறை தருமா என்னும் வினா யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களுக்குப் புதியதன்று. ஆயினும், அவ்வினாவைச் சமயத்தின் மொழியிலேயே எழுப்பி, சமயத்தின் மொழியிலேயே விடையும் கூறித் தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டபடியால், அதன் மற்றப் பாதி, அதாவது உண்கின்ற சரீரத்துக்கு வேண்டியவை யாவும் அந்த உணவில் இருக்கின்றனவா என்னும் பாதி, நம்மவரால் நின்று ஆராயப்படாமலே விடப்பட்டிருக்கிறது. அந்தப் பாதியை, வடமராட்சியின் நடுவே, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் உள்ள நெல்லியடியை அடுத்து அமைந்த கரவெட்டிக் கிராமத்தின் அடுக்களைகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரவெட்டியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தச்சந்தோப்புப் பிள்ளையார் கோயிலை ஊருக்குள்ளும், வல்லிபுர ஆழ்வாரையும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனையும் எட்டி நடக்கக்கூடிய தொலைவிலும் கொண்ட இவ்வூரில், பிறந்த நாள்முதல் மச்சம் தொடாத குடும்பங்களும் உண்டு. வெள்ளிக்கிழமையிலும், கந்தசஷ்டி ஆறு நாளிலும், திருவெம்பாவைக் காலத்திலும், நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளிலும் மட்டும் சட்டி பானையை மினுக்கிச் சைவத்துக்கு மாறும் குடும்பங்களும் உண்டு. ஆகவே, ஆண்டின் ஏதோவொரு பகுதியில் இந்த வினா கரவெட்டியின் பெரும்பாலான வீடுகளையும் தொடுகிறது. இவ்வூர் மண்ணோ, நெல்லையும் மரக்கறியையும் வெங்காயத்தையும் பனையையும் ஒருங்கே தரும் மண். உண்பவர்களும் இருக்கிறார்கள், விளைவிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முடிபை முன்னரே கூறிவிடுகின்றேன். மச்சம் இல்லாமை என்பது ஓர் இன்மை. இன்மை எவரையும் போஷிப்பதில்லை. தட்டில் எது இல்லை என்பதைக் கொண்டு ஓர் உணவு சைவமாகின்றது. தட்டில் எது இருக்கின்றது என்பதைக் கொண்டே அது ஆரோக்கிய உணவாகின்றது. நம் முன்னோரின் அடுக்களை இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒருங்கே காத்தது. நாம் முதலாவதைக் காத்துக்கொண்டு இரண்டாவதைக் கைநழுவ விட்டிருக்கின்றோம்.

அறமும் மருந்தும்

இந்தப் பாகுபாடு திருக்குறளின் வைப்புமுறையிலேயே கிடக்கிறது. புலான்மறுத்தல் அறத்துப்பாலில், துறவறவியலில், அருளுடைமையை அடுத்து 26 ஆம் அதிகாரமாக நிற்கிறது. மருந்து பொருட்பாலில் 95 ஆம் அதிகாரமாக நிற்கிறது. முன்னது பிறவுயிரை நோக்கிய கருணையைப் பற்றியது. பின்னது தன்னுடம்பை நோக்கிய அளவையும் செரிமானத்தையும் பற்றியது. ஊனை மறுப்பதற்குக் காரணமாக வள்ளுவர் உடல்நலத்தைக் காட்டவுமில்லை. உடல்நலம் பேசுமிடத்தில் ஊனை விலக்கும்படி விதிக்கவுமில்லை. இரண்டும் தனித்தனிக் கடமைகள் என்பதும், ஒன்றைச் செய்தவன் மற்றதைச் செய்தவனாக மாட்டான் என்பதும் அந்த வைப்பினாலே பெறப்படும் கருத்தாகும்.

யாழ்ப்பாணத்தின் வரலாற்றிலும் இவ்விரு கடமைகளுக்கும் இரு ஆசிரியர் வாய்த்தனர்; இருவரும் 1822 இலேயே பிறந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், நான்காம் பாலபாடத்திலே புலாலுண்ணலைப் பிள்ளைகள் படிக்கும் பாடமாகவே வைத்து, 1848 இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை முதலாகத் தாம் தோற்றுவித்த கல்விமரபின் வழியே ஊனுண்ணாமையைச் சைவ ஆசாரத்தின் அடையாளமாக்கினார். அமெரிக்காவிற் பிறந்து மிஷன் வைத்தியராக இங்கு வந்த சாமுவேல் கிறீனோ, மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே நூல்களும் இயற்றி, சரீரத்தின் அமைப்பையும் தொழிலையும் நம்மவர் தாய்மொழியில் அறியும்படி செய்தார். ஒருவர் மார்க்கமும் மற்றவர் மார்க்கமும் சந்திக்கவில்லை. சமயத்துறையில் அவர்கள் எதிர்முகாம்களில் நின்றவர்கள். ஆனால் இன்றைய சைவக் குடும்பத்துக்கு அவ்விருவர் கல்வியும் ஒருங்கே வேண்டியிருக்கின்றது.

காந்தியடிகளின் அநுபவமும் இதையே வலியுறுத்துகின்றது. 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்ற அவர், 1931 இல் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் உரையாற்றியபோது, ஆரோக்கியத்தை மட்டும் எண்ணி ஊனை விட்டவர்கள் நிலைத்து நிற்பதில்லை என்றும், அறமே அதற்கு உறுதியான அடிநிலை என்றும் விளக்கினார். அதே மனிதர், பாலையும் விட்டுவிட வேண்டுமென விரதம் பூண்டு, கடும் நோயுற்று, ஈற்றில் ஆட்டுப்பாலை ஏற்றுக்கொண்டதைத் தமது சத்தியசோதனையில் மறையாது எழுதியிருக்கின்றார். கொள்கை மனத்தைத் தாங்கிற்று. உடம்பைத் தாங்குவதற்குப் பால் வேண்டியிருந்தது.

தானியம்

இனி, உணவின் உறுப்புகளைத் தனித்தனி எடுத்துக்கொள்வோம். சைவத் தட்டின் பெரும்பங்கு சோறாதலின், எந்த அரிசி என்பதே முதல் வினாவாகும். மாரி மழையை நம்பி விதைத்துத் தைமாதத்தை ஒட்டி அறுக்கும் யாழ்ப்பாணத்து வயல்களில் மொட்டைக்கறுப்பன் முதலிய நாட்டு நெல்லினங்கள் விளைந்த காலத்தில், நெல்லை அவித்து, உலர்த்தி, உரலிலிட்டுக் குற்றி எடுத்த சிவந்த புழுங்கலரிசியே வீட்டரிசியாக இருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் விற்றமின் பி1 மணியின் உட்புறத்துக்கு ஊறிச் செல்வதனால், பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் கழிந்துபோவதில்லை. தீட்டிய வெள்ளையரிசியையே உண்ட மக்கள் பெரிபெரி நோயால் வருந்தியதையும், அவ்வரிசியைத் தின்ற கோழிகளும் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு சேர்ந்தபோது தேறியதையும் ஜாவாத் தீவில் கண்டு எழுதியவர் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர். அதன் பொருட்டு அவருக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் பரிசோதனைச்சாலையில் கற்றுக்கொண்ட பாடத்தை, நம் பெண்கள் நெல்லவிக்கும் அண்டாவின் முன்னின்று காரணம் அறியாமலே கைக்கொண்டிருந்தனர்.

நெல் மட்டுமே எனின் குறைவாகும். குரக்கன், சாமை, தினை, வரகு என்னும் சிறுதானியங்கள் நீர் குறைந்த தோட்டத்திலும் விளைந்தன. இவற்றுள் குரக்கன் தலையானது: அதன் மாவில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் இருக்க, தீட்டிய அரிசியில் அதன் பத்திலொரு பங்குகூட இல்லை. பால் அரிதான வீட்டுக்குக் குரக்கன் பிட்டும் குரக்கன் றொட்டியும் எவ்வளவு பெரிய துணை என்பதை இவ்வொரு கணக்கே காட்டும்.

பனை இதற்கும் மேலே ஒரு காப்பாக நின்றது. பனங்கிழங்கை அவித்து உலர்த்திய புழுக்கொடியலும், அவியாமற் பிளந்து உலர்த்திய ஒடியலும், பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி உலர்த்திய பனாட்டும், கருப்பநீரைக் காய்ச்சிய பனங்கட்டியும் மாதக்கணக்காகச் சேமித்து வைக்கத்தக்கவை. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்துப் பிழிந்து, கயர் நீக்கிய பின்னரே பிட்டுக்கு எடுப்பது நம் வழக்கம். அந்த ஒழுங்கை அவசரத்துக்காகக் கைவிடுதல் ஆகாது. 1990 களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்கு உணவும் எரிபொருளும் தட்டுப்பட்ட ஆண்டுகளில், சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டியும், மா இல்லாத அடுப்புக்கு ஒடியலும் மரவள்ளியும் கைகொடுத்ததை அக்காலத்தைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த உணவு பஞ்சத்தின் உணவு என்று இப்போது ஒதுக்கப்படுவது நன்றிகெட்ட செயலென்றே கூறவேண்டும்.

பருப்பும் தானியமும் சேரும் நியாயம்

மீனும் இறைச்சியும் இல்லாவிட்டால் புரதம் எங்கிருந்து வரும் என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுட் சிலவற்றைச் சரீரம் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாமையால் உணவிலிருந்தே பெறவேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பு வகைகளில் மெதியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதனால், இரண்டும் ஒருநாளின் உணவிற் சேருமாயின் புரதம் தரத்தில் உயர்கின்றது. சோறும் பருப்பும், பிட்டும் பயறும், தோசையில் அரிசியும் உழுந்தும், பயற்றங்காய்க் கறியும் குரக்கன் றொட்டியும் என நம் சமையலிற் காணும் இணைகள் யாவும் இந்நியாயத்தின் மேலே நிற்பவை. ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் கூழிலேகூட அரிசி மாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் ஒன்றுசேர்வதைக் கவனித்தால், நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் ஈழமெங்கும் பிள்ளைகள் அறிந்த அந்தப் பண்டிகை உணவு எத்துணைப் பூரணமானது என்பது விளங்கும்.

அளவையும் சொல்லவேண்டும். வளர்ந்தவரின் உடல்நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.83 கிராம் புரதம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கின்றது; அறுபது கிலோ நிறையுள்ளவருக்கு அது 50 கிராம் ஆகும். ஒரு நாளில் 300 கிராம் அரிசியும் மாவும் உண்பவர் அவற்றிலிருந்து ஏறக்குறைய 20 கிராம் பெறுவார். 100 கிராம் பருப்பு அல்லது பயறு வேறொரு 23 கிராம் தரும். 300 மில்லிலீற்றர் பாலோ தயிரோ 10 கிராம் தரும். கணக்கு நிறைகின்றது. ஆனால், இன்று பல வீடுகளிலே பருப்பென்பது ஒரு கிண்ணம் சோற்றின்மேல் இரண்டு கரண்டி மைசூர்ப் பருப்புக் கறியாகச் சுருங்கிவிட்டபடியால், 100 கிராம் என்னும் அந்த நடுத்தூணே சரிந்துவிடுகின்றது. முளைகட்டிய பயறும், அவித்த கடலையும், கௌபியும், உழுந்தும் பெருகாமற் சைவத்தட்டில் புரதம் பெருகாது. ஊறவைத்தலும் முளைகட்டுதலும் தானியத்திலுள்ள பைற்றேற்றைக் குறைத்து, இரும்பும் நாகமும் உடம்பிற் சேர வழிசெய்கின்றன என்பதும் கருதத்தக்கது.

இலைக்கறி

கரவெட்டியின் உண்மையான செல்வம் வேலியிலும் வளவிலும் நிற்கின்றது. முருங்கை, அகத்தி, சண்டி, முசுட்டை, தூதுவளை, குறிஞ்சா, வல்லாரை, பொன்னாங்காணி, தவசிமுருங்கை என்னும் இலைகளுட் பல விலைகொடுத்து வாங்காதவை. தேங்காய்ப்பூவோடு வறையாகவும், சம்பலாகவும், பருப்போடு கடையலாகவும், பல இலையும் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இலைக்கஞ்சியாகவும் இவற்றைச் சமைக்கும் பல்வகை முறை வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று. பரராசசேகரம் முதலாக யாழ்ப்பாணத்து மருத்துவ நூல்களைப் பேணிய வைத்திய மரபும், பதார்த்த குண சிந்தாமணி போன்ற தமிழ் நூல்களும் உணவையும் மருந்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசியமைக்கு இத்தகைய இலைகளே சான்று.

விஞ்ஞானமும் இலையின் பக்கமே நிற்கின்றது. 1928 இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலே கருவுற்ற பெண்களைப் பீடித்த ஒருவகைக் குருதிச்சோகை, இலங்கையிலும் வீட்டுக்கு வீடு அறியப்பட்ட மார்மைட் என்னும் மதுவச் சாற்றினால் தீர்வதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் போலிக் அமிலமே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1941 இல் அது பசளைக்கீரையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. கருவுற்ற நம் பெண்களுக்குத் தாய்மார் சிகிச்சை நிலையத்திற் கொடுக்கப்படும் மாத்திரையில் உள்ளதும் அதுவே. பச்சையிலையின் கரோட்டின் விற்றமின் ஏ ஆக மாறுகின்றது. ஆனால் அது கொழுப்பிலே கரைவதாதலின், வறையிற் சேரும் தேங்காய்ப்பூவும், கறியிற் சேரும் நல்லெண்ணெயும் சுவைக்காக மட்டும் சேர்ந்தவையல்ல.

இலையில் உள்ள இரும்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். தாவர இரும்பு, இறைச்சியின் இரும்பைப்போல எளிதில் உறிஞ்சப்படுவதன்று. விற்றமின் சி அதனை உறிஞ்சச் செய்கின்றது. தேநீரின் தனின் அதனைப் பெருமளவு தடுத்துவிடுகின்றது. ஆகவே, வறைக்குத் தேசிக்காய்ப் புளி விடும் வழக்கம் மிக நன்று. சோறு உண்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் வழக்கம் மிகத் தீது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுதல், ஒரு சதமும் செலவில்லாத மருத்துவமாகும்.

எண்ணெயும் பாலும்

நல்லெண்ணெய், எள்ளுப்பாகு, எள்ளுருண்டை, தேங்காய் என்பவை நம் கொழுப்பின் மூலங்கள். எள்ளு சிறந்தது, தேங்காய் அளவோடு சிறந்தது. ஒவ்வொரு கறிக்கும் தலைப்பால், சொதிக்கும் பால், வறைக்கும் பூ, சம்பலுக்கும் பூ என ஒரே வேளையில் தேங்காய் பெருகும்போது, உழைத்து வியர்த்த உழவனுக்கு அது பொருந்தியிருக்கலாம். கதிரையிலிருந்து வேலைசெய்யும் அவன் பேரனுக்குப் பொருந்துவதில்லை.

பாலின் இடம் தனியானது. சைவ ஆசாரம் பாலையும் தயிரையும் மோரையும் நெய்யையும் விலக்கவில்லை. குன்னூரில் 1920 களில் மக்கரிசன் என்னும் வைத்தியர், இந்தியாவின் வெவ்வேறு பிரதேச உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, முழுக்கோதுமையும் பாலும் பருப்பும் பச்சைக் காய்கறியும் மிகுந்து இறைச்சி சிறிதே கலந்த வடமேற்கு உணவு மேலானதாகவும், பால் அருகிய தென்னாட்டுச் சோற்றுணவு மெலிந்ததாகவும் கண்டார். இவ்வாராய்ச்சி இறைச்சிக்குச் சார்பான தீர்ப்பன்று. தீட்டிய அரிசியை மலையாகக் குவித்து, பாலையும் பருப்பையும் இலையையும் சுருக்குவதற்கு எதிரான தீர்ப்பாகும். யாழ்கோ போன்ற பாலுற்பத்தியாளர் கூட்டுறவு அமைப்புகள் குடாநாட்டிற் பாலைச் சேகரித்து வழங்கிவரும்போது, வெளிநாட்டுப் பால்மாப் பெட்டியையே பாலென்று கருதும் மனப்பான்மை மாறவேண்டும்.

பாரம்பரியம் எட்டாத இடம்

இதுவரை பாரம்பரியத்தின் பெருமையைக் கூறினேன். அது எட்டாத இடத்தையும் அதே நேர்மையோடு கூறுவது கடமை. விற்றமின் பி12 என்பது 1948 இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. நுண்ணுயிர்களால் ஆக்கப்பட்டு விலங்குணவின் வழியே மனிதரை அடையும் அது, கீரையிலும் பருப்பிலும் பனையிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். அரை லீற்றர் பாலில் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் உண்டு. ஆகவே, நாள்தோறும் பாலும் தயிரும் தாராளமாக உண்ணும் சைவர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வர். தேநீரில் ஒரு கரண்டிப் பால்மாவோடு நின்றுவிடுபவர் தப்பமாட்டார்.

இக்குறையின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கின்றது. ஈரலிற் சேர்ந்திருக்கும் சேமிப்பு ஆண்டுக்கணக்கிற் போதுமாதலின், குறை மெல்ல மெல்லவே தலைகாட்டும். பின்னர் களைப்பு, நாக்கெரிவு, கைகால் விறைப்பு, நடை தடுமாற்றம், மறதி என வரும். முதுமையின் இயல்பென்று வீட்டாரும் விட்டுவிடுவர். இலைக்கறி மிகுதியாக உண்பவருக்குப் போலிக் அமிலம் போதியளவு கிடைப்பதனால் குருதிச்சோகை மறைந்திருக்க, நரம்பின் சேதம் மாத்திரம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கவும் கூடும். அறுபதைக் கடந்தவர்களுக்கு உறிஞ்சும் ஆற்றலும் குறைகின்றது. நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கும் இக்குறை கூடுகின்றது. மருந்துக்கடையிற் கிடைக்கும் பி12 மாத்திரை நுண்ணுயிர் வளர்ப்பினால் ஆக்கப்படுவது. அதை விழுங்குவதால் விரதத்துக்குப் பங்கம் இல்லை. முதியவரை நரம்புத் தளர்ச்சிக்கு விட்டுவிட்டு விரதத்தைக் காத்தோமென்பது ஜீவகாருண்யம் ஆகாது.

அயடீன், விற்றமின் டி என்பனவும் கவனத்துக்குரியவை. அயடீன் சேர்த்த உப்பு இலங்கையிற் சட்டப்படி வழக்கிலிருப்பதனால் முதலாவதற்கு விடை எளிது. வெயிலுக்குக் குறைவில்லாத கரவெட்டியில், வெயில் மேனியிற் படும்படி நடமாடுபவருக்கு இரண்டாவதும் பெரும் இடரன்று. ஆனால் பனிநாடுகளுக்குப் பெயர்ந்து, ரொறன்ரோவிலும் லண்டனிலும் சைவம் காக்கும் நம் உறவினர்க்கு மாரிகாலத்தில் விற்றமின் டி மாத்திரை அவசியமாகின்றது.

பருவங்கள்

உணவின் தேவை எல்லாப் பருவத்திலும் ஒன்றன்று. ஆறு மாதம் தாய்ப்பாலே போதும்; தாய் சைவராயின் அவருடைய பி12 குறைவு பாலின் வழியே பிள்ளையையும் தாக்குமாதலின், கருவுற்ற காலமுதல் தாயின் உணவே பிள்ளையின் உணவென்று எண்ணவேண்டும். ஆறாம் மாதத்தின்பின் வெறும் அரிசிக்கஞ்சி போதாது; பருப்பும் இலையும் ஒரு துளி நல்லெண்ணெயும் அதிலே மசிக்கப்படவேண்டும். 1970 களில் தொடங்கி அரசாங்கம் வழங்கிவரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மாவாதலின், சைவக் குழந்தைக்கும் ஏற்றதாகும்.

பூப்பெய்திய பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டும் நம் வழக்கம் மிக அறிவானது. ஆனால் அது சில நாட்களோடு நின்றுவிடுகின்றது. இரும்பின் தேவையோ மாதந்தோறும் தொடர்கின்றது. பரீட்சைக்காக விடியற்காலையிலே தேநீரோடு மாத்திரம் ரியூசனுக்கு ஓடும் மாணவியரே சைவக் குடும்பங்களில் மிகக் குறைவாகப் போஷிக்கப்படுபவர்கள். அவர்களுக்கு ஒரு கோப்பை இலைக்கஞ்சியும் ஒரு கிண்ணம் அவித்த பயறும் கொடுக்காத வீட்டில், வெள்ளிக்கிழமை விரதம் எத்துணைச் சிறப்பாக நடப்பினும் அந்த வீடு தன் கடமையிற் குறைந்ததேயாகும்.

இன்றைய தளர்ச்சி

சைவ உணவு மாரடைப்பைக் குறைக்கும் என்பது வெறும் விளம்பரமன்று. ஒக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் நாற்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மக்களை ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019 இல் வெளியிட்ட முடிவின்படி, ஊனுண்பவரிலும் சைவ உணவினருக்கு இருதயக் குருதிக்குழாய் நோய் 22 வீதம் குறைவாக இருந்தது. ஆனால் பக்கவாத நோய் 20 வீதம் கூடுதலாக இருந்தது. பிந்திய முடிவின் காரணம் இன்னும் விவாதத்தில் உள்ளது. பி12 போன்ற சத்துக்களின் குறைவும் சந்தேகிக்கப்படுகின்றது. சைவம் என்னும் பெயரே கவசம் ஆகாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம்மூரின் தளர்ச்சியோ வேறு வழியிலும் வருகின்றது. இரண்டாம் உலக யுத்தகாலத்து அரிசித் தட்டுப்பாட்டை அடுத்துப் பரவிய கோதுமை மாவும் பாணும், பிட்டிலும் இடியப்பத்திலும் புகுந்து குரக்கனின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தேநீருக்குத் தேநீர் சீனி, விருந்துக்கு விருந்து வடை, பொரியல், அப்பளம், மோர்மிளகாய், மாலைக்கு மிக்சர். இவையனைத்தும் சுத்த சைவமே. இவையனைத்தும் நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் வழிகோலுபவையே. விரத நாளில் ஒருவேளை பட்டினி கிடந்து, பாறணையில் எண்ணெய்ப் பலகாரத்தால் வயிற்றை நிரப்புவது விரதத்தின் பயனைத் தானே அழித்துக்கொள்வதாகும். அன்னதானக் கந்தன் என்று போற்றப்படும் சந்நிதி முருகனின் சூழலிலும், வல்லிபுரத்துப் புரட்டாதித் திருவிழாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அன்னமிடும் மடங்கள், சோற்றின் அளவை ஒரு கரண்டி குறைத்துப் பருப்பையும் கீரையையும் ஒரு கரண்டி கூட்டுமாயின், அதுவே ஊருக்கு ஒரு பெரிய போதனையாகும்.

ஆசாரமும் அகங்காரமும்

இன்னொரு விஷயத்தைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. சைவ உணவு இந்நாட்டில் நீண்டகாலம் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கருவியாகவும் பயன்படுத்தப்பட்டது. பனையேறிக் கருப்பநீர் இறக்கியவரின் உழைப்பாற் கிடைத்த பனங்கட்டி சைவ வீட்டின் தட்டுக்கு வந்தது; அதை இறக்கியவர் அந்த வீட்டின் படிக்கு வர அநுமதிக்கப்படவில்லை. 1960 களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் நுழைவுரிமை கேட்டு நடந்த போராட்டங்கள், உயிருக்கு இரங்குவதாகச் சொல்லிக்கொண்டு அயலவனுக்கு இரங்காத சமூகத்தை நோக்கி எழுப்பப்பட்ட நியாயமான கேள்விகளாகும். வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் கடலை நம்பி வாழும் மக்களின் மீனுணவை இழித்துரைப்பவர் சைவத்தை உயர்த்துபவரல்லர். புலால் மறுத்தல் அருளின் விளைவாயின், அது மனிதரிடத்தே முதலிற் காணப்படல் வேண்டும்.

முடிவு

ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கரவெட்டியின் மண்ணிலும் சந்தையிலும் கிடைப்பவற்றைக் கொண்டே, ஒரேயொரு விதிவிலக்குத் தவிர, பூரணமான சைவ உணவை அமைத்துக்கொள்ளலாம் என்பது உறுதியாகின்றது. காலையில் இலைக்கஞ்சியோ குரக்கன் பிட்டும் பயறுமோ. நண்பகலில் அளவான சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, தாராளமான பருப்பு, இரண்டு மரக்கறி, தேசிப்புளி விட்ட ஒரு வறை, ஒரு கிண்ணம் தயிர். மாலையில் அவித்த கடலையோ எள்ளுருண்டையோ. இரவில் இலகுவான பலகாரமும் ஒரு கோப்பைப் பாலும். இது செல்வர் உணவன்று. வேலியில் முருங்கை நிற்கும் எவரும் எட்டக்கூடிய உணவு. அந்த விதிவிலக்கு பி12 ஆகும்; பாலை அரை லீற்றரளவு உண்ணாதவர்களும், அறுபதைக் கடந்தவர்களும், கருவுற்ற சைவப் பெண்களும் வைத்தியரைக் கேட்டு அதனை மாத்திரையாக எடுத்தல் வேண்டும்.

கரவெட்டியின் பாடசாலைகளும், கோயிற் பரிபாலன சபைகளும், கட்டைவேலி நெல்லியடிப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் இதில் தத்தம் பங்கைச் செய்யலாம்: வளவுகளில் இலைமரங்களை நடுவித்தல், குரக்கனையும் பயற்றையும் நியாய விலைக்கு விற்றல், மாணவியரின் குருதியைப் பரிசோதிக்க ஒழுங்குசெய்தல் என்பன எவருடைய ஆற்றலுக்கும் அப்பாற்பட்டவையல்ல. வீட்டுத் தலைவர்களையும் தலைவியரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: அடுத்த வெள்ளிக்கிழமை சைவச் சமையலுக்கு அடுப்பை மூட்டும்போது, மச்சம் விலக்கப்பட்டதா என்று பார்ப்பதோடு நில்லாது, பருப்பும் இலையும் பாலும் போதிய அளவு சேர்ந்தனவா என்றும் பாருங்கள், வீட்டு முதியவரின் கைகால் விறைப்பை முதுமையென்று விடாது மந்திகை வைத்தியசாலையிற் காட்டி இரத்தத்தைச் சோதியுங்கள். கொல்லாமல் உண்பது தருமம்; அவ்வாறு உண்பவர்களை நலிவின்றி வாழவைப்பதும் அதே தருமத்தின் பாற்பட்டதே.